குளத்துக்கு வெளியே: போட்டி நீச்சல் பழகும் பிள்ளைகளின் அன்றாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஐந்தாறு நாள் காலையும் மாலையும் தண்ணீரில் இறங்கும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கும் எழுதியது. கோடை விடுமுறையில் மட்டும் நீச்சல் பழகுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. கணக்கு வரும் இடங்களில் 50 கிலோ எடையுள்ள 14 வயதுப் பிள்ளையை மனதில் வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் எடைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

காலை 5 மணிக்குப் பயிற்சி. எத்தனை மணிக்குப் படுக்க வைக்க வேண்டும்?

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். நீந்தாத பிள்ளைக்கும் இதே அளவுதான். 5 மணிக்குக் குளத்தில் நிற்க வேண்டுமானால் 4.20-க்கு எழுந்தாக வேண்டும். பின்னோக்கி 8 மணி நேரம் எண்ணினாலே முந்தின இரவு 8.20-க்குத் தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து வீடு திரும்புவதே 8.30 என்கிற வீட்டில் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது ஒரு வாரத் தூக்கத்தைத் தாளில் எழுதிப் பார்ப்பது. படுத்த நேரத்தை எழுதாதீர்கள், உண்மையில் தூங்கிய நேரத்தை எழுதுங்கள். பல வீடுகளில் அது 6 மணி நேரம்கூட வராது. பிறகு மூன்று வழிகளில் மீட்கலாம்.

பள்ளி விட்டு வந்ததும் 20 முதல் 30 நிமிடக் குட்டித் தூக்கம். மாலை 4.30-ஐத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் இரவுத் தூக்கம் கெடும். அடுத்து, இரவில் வீணாகும் அரை மணி நேரத்தைப் பிடியுங்கள். நீச்சல் பை, பள்ளிச் சீருடை, தண்ணீர் பாட்டில், காலை வாழைப்பழம் எல்லாம் இரவு உணவுக்கு முன்பே வாசலருகே போய்விட வேண்டும். கைபேசி சார்ஜர் கூடத்தில்தான் இருக்க வேண்டும், படுக்கையறையில் கூடாது. அலாரத்துக்குக் கைபேசி வேண்டும் என்பார்கள். சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் 8 மணி நேரம் தேறவில்லையா? வாரத்தில் ஒரு காலைப் பயிற்சியை விடச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம். தூங்காத பிள்ளை காலையில் அடிக்கும் 4,000 மீட்டரில் பாதி, தப்பான ஸ்ட்ரோக்கைப் பழக்குவதற்குத்தான் பயன்படும். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். 11 மணி வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை 4.20 நள்ளிரவு போலத் தோன்றும்.

வெறும் வயிற்றில் நீந்தலாமா?

அரை மணி நேர லேசான நீச்சலுக்கு நீந்தலாம். ஒன்றரை மணி நேரக் கடும் பயிற்சிக்குக் கூடாது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவருக்குக் காலை 5-க்குக் கல்லீரலில் சேமித்த சர்க்கரை பெருமளவு குறைந்திருக்கும். முதல் 40 நிமிடம் ஓடிவிடும். பயிற்சியின் கடினமான நடுப்பகுதியான மெயின் செட் தொடங்கும்போதுதான் தலை கிறுகிறுக்கும், டைமிங் விழும்.

20 முதல் 30 கிராம் மாவுச்சத்து போதும். பெரிய மோரிஸ் பழம் ஒன்று, அல்லது ஏலக்கிப் பழம் இரண்டு, அல்லது பேரீச்சம்பழம் மூன்று நான்கு. கூட அரை டம்ளர் தண்ணீர். அந்த நேரத்தில் பால் வேண்டாம். ஃபிளிப் டர்னில் உடம்பு குட்டிக்கரணம் போடும்போது பால் புளித்துத் தொண்டைக்கு ஏறும். காலையில் எதுவுமே இறங்காது என்கிற பிள்ளை நாலு மிடறு இனிப்பான எலுமிச்சைச் சாறில் தொடங்கட்டும். இரண்டு வாரத்தில் வயிறு பழகிவிடும்.

பயிற்சி முடிந்து நேராகப் பள்ளி. காலை உணவை எப்படிச் சமாளிப்பது?

இங்குதான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. 7 மணிக்குக் குளத்தை விட்டு வந்து, வண்டியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் தின்று, 10.40 இடைவேளை வரை காத்திருக்கும் பிள்ளை மாலைப் பயிற்சிக்குக் காலியான வண்டியாகத்தான் வரும். ஒரே நாளில் இரண்டு முறை நீந்துகிறவர்களுக்கு முதல் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது மிக முக்கியம். அளவு: ஒரு கிலோ எடைக்கு 1 கிராம் மாவுச்சத்து, கூடவே மொத்தம் 15 கிராம் அளவுக்குப் புரதம்.

உட்கார்ந்து சாப்பிட நேரமிருந்தால் நாலு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால். கணக்கு நேராகிவிடும். வெண்பொங்கலும் நல்லதுதான், நெய்யைப் பாதியாக்குங்கள். நெய் கூடினால் முதல் பீரியடிலேயே கண் சொக்கும்.

வண்டியில்தான் சாப்பிட வேண்டுமென்றால், முட்டையோ பனீரோ வைத்துச் சுருட்டிய சப்பாத்தி இரண்டு, ஒரு வாழைப்பழம், பிளாஸ்கில் சத்துமாவுக் கஞ்சி. கஞ்சியைப் பாலில் காய்ச்சுங்கள், உறிஞ்சிக் குடிக்கிற பதத்தில் நீர்க்க இருக்கட்டும். கெட்டியாக இருந்தால் பாதி அப்படியே திரும்பி வரும். தோசை ஆறினால் ரப்பர், பூரி எண்ணெய். இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

ஒரு நாளைக்குப் புரதம் எவ்வளவு? புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?

கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 50 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். மலைப்பாகத் தெரியும், ஆனால் கூட்டிப் பாருங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம். 400 மில்லி பாலில் 13. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7. ஒரு கிண்ணம் தயிரில் 6. சாம்பார் பருப்பில் 6. 200 கிராம் அரிசியைச் சோறாக்கினால் அதிலேயே 14. ஐந்து இட்லியில் 10. மொத்தம் 80. மீனோ கோழியோ வைத்தால் இன்னும் எளிது. முட்டையும் சாப்பிடாத வீட்டில் பனீர், மீல்மேக்கர், பாசிப்பயறு கொண்டு ஈடுகட்டலாம்.

பவுடர் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதற்குக் காரணம் காசு மட்டும் கிடையாது. ஊட்டச்சத்து டப்பாக்களில் லேபிளில் சொல்லாத பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய விளையாட்டு வீரர்கள் உலகெங்கும் உண்டு. டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்பது அங்கே முழு விடுதலை தராது. உடம்பில் இருந்ததற்கு நீந்தியவர்தான் பொறுப்பு.

உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவது புரதத்தைவிட மொத்தச் சாப்பாடு. இரண்டு பயிற்சி உள்ள நாளில் 300 முதல் 400 கிராம் மாவுச்சத்து வேண்டும். சோற்றைக் குறைத்துவிட்டுப் பவுடர் கரைத்துக் கொடுத்தால், உடம்பு அந்த விலையுயர்ந்த புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

தண்ணீருக்குள்ளேயே இருக்கிறார்களே, தனியாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமா?

வேண்டும். குளத்திலும் வியர்க்கும், வியர்வை கழுவிப் போவதால் தெரிவதில்லை. நம் ஊர்க் குளத்துத் தண்ணீர் மே மாதத்தில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அப்போது வியர்வை இன்னும் கூடும்.

எவ்வளவு போகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த மெல்லிய உடையில் எடை எடுங்கள். முடிந்ததும் தலையையும் உடம்பையும் நன்றாகத் துவட்டி, அதே உலர்ந்த உடையில் மறுபடி எடுங்கள். ஈர நீச்சலுடையோடு எடுத்தால் கணக்கு பாழ். 50.0 கிலோ 49.4 ஆகியிருக்கிறது, நடுவே 400 மில்லி குடித்திருக்கிறார் என்றால், வியர்த்தது ஏறக்குறைய 1 லிட்டர். இன்னும் 600 மில்லி பாக்கி. சிறுநீரில் கொஞ்சம் போய்விடும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் 750 முதல் 900 மில்லி வரை, ஒரே மூச்சில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள், அதுவும் நல்லதில்லை.

பாட்டில் லேனின் ஓரத்தில் இருக்கட்டும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் நீளும் கடும் பயிற்சிக்கு வீட்டிலேயே கலக்கலாம்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 60 கிராம், தூளுப்பு மட்டமாகக் கால் தேக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. சர்க்கரையை ஒருமுறை தராசில் நிறுத்து, அது உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கரண்டிக்குக் கரண்டி வேறுபடும். 100 கிராமைத் தாண்டினால் வயிற்றில் தங்கிக் குமட்டும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் அளவு தப்பும், தூளுப்பே போடுங்கள்.

பயிற்சிக்குப் பின் உப்புப் போட்ட நீர்மோர் அருமையானது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் சரியாகும். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்த டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும், எழுத்து பொடியாக இருக்கும், அவ்வளவுதான்.

தோள் வலிக்கிறது என்கிறான். நீந்துகிறவர்களுக்கு அது சகஜம்தானே?

சோர்வு வலி சகஜம், தோள் மூட்டு வலி சகஜமில்லை. இரண்டு தோளிலும் சதை முழுக்கக் கடுத்து, ஒரு நாளில் தணிந்தால் அது சோர்வு. ஒரு தோளில், முன்பக்கம் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் சுருக்கென்று குத்தினால், கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பிடித்தால், அந்தப் பக்கம் படுக்கும்போது இரவில் எழுப்பினால், அன்றே கோச்சிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு நீந்தக் கூடாது. வலி அடங்கும், உரசல் அடங்காது.

காரணம் எளிது. ஃப்ரீஸ்டைலில் ஒரு பயிற்சியில் ஆயிரக்கணக்கான முறை கை சுழல்கிறது. தண்ணீரை இழுக்கும் முன்பக்கத் தசைகள் பெருக்கின்றன, மூட்டைக் குழியில் பிடித்து வைக்கும் பின்பக்கச் சிறு தசைகள் அதே வேகத்தில் வளர்வதில்லை. பள்ளியில் ஏழு மணி நேரம் கூன் போட்டு உட்காருவது மீதியைச் செய்துவிடுகிறது.

வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், ஒரு மெல்லிய ரப்பர் பேண்ட் போதும்:

1. பேண்டைக் கதவுப் பிடியில் கட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கதவுக்கு எதிர்ப்பக்கக் கையின் முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய சின்னத் துண்டு வையுங்கள். முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் திரும்பி வாருங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது. 15 தடவை, இரண்டு சுற்று.

2. கதவைப் பார்த்து நின்று பேண்டை இரண்டு கையாலும் இடுப்பை நோக்கி இழுங்கள். கை இழுப்பதற்கு முன்பே தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகெலும்பை நோக்கிக் கூட வேண்டும். தோள் காதுப் பக்கம் ஏறினால் பேண்ட் தடிமன் அதிகம், மெல்லியதற்கு மாறுங்கள். 15 தடவை, இரண்டு சுற்று.

3. கட்டிலில் குப்புறப் படுத்து, கட்டை விரல் மேலே பார்க்க, கைகளைச் சிலுவை போல விரித்து ஒரு சாண் உயர்த்தி இறக்குங்கள். எடை எதுவும் வேண்டாம். 10 தடவை. எளிது என்று நினைப்பவர்கள் எட்டாவது தடவையில் மனம் மாறுவார்கள்.

வலி இருக்கும் நாட்களில் கை நீட்டிக் கிக் போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். பலர் "கிக் மட்டும்தானே" என்று அதைச் செய்கிறார்கள். தோளை அழுத்துவதே அந்த நீட்டிய நிலைதான். மல்லாந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து உதைக்கலாம். உள்ளங்கையில் மாட்டும் பேடில், பட்டர்ஃபிளை நீச்சல் இரண்டும் கொஞ்ச நாளைக்கு ஓரமாகட்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

பையைச் சொல்லாமல் விடக் கூடாது. 2020-இன் பள்ளிப் பை கொள்கை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் பையின் எடை என்கிறது. 50 கிலோவுக்கு 5 கிலோ. அதன் மேல் நீச்சல் பையும் ஈரத் துண்டும் ஒரே தோளில் தொங்கினால், பயிற்சிக்கு முன்பே தோளுக்கு வேலை கொடுத்தாயிற்று.

நண்பன் பின்னால் நின்று இரண்டு கையையும் இழுத்துவிடுகிறான். நல்ல ஸ்ட்ரெச்சா?

கெட்ட வழக்கம். நீந்துகிறவர்களின் தோள் மூட்டு ஏற்கெனவே மற்றவர்களைவிடத் தளர்வு. அதை இன்னும் இழுத்து என்ன ஆகப்போகிறது? பயிற்சிக்கு முன் கை சுழற்றல், உடல் திருப்பல், குந்தி எழுதல் என்று அசைந்தபடியே ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். பயிற்சிக்குப் பின், மார்பு, பின்தொடை, கணுக்கால் ஆகியவற்றை 30 வினாடி நிறுத்தி நீட்டலாம். கணுக்கால் மேற்புறம் நீண்டால் கிக் மேம்படும், மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காருவது போதும். முட்டி வலியுள்ள பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரர்கள் அதைத் தவிர்க்கட்டும்.

முடி செம்பட்டையாகிறது. தலை நிறைய எண்ணெய் வைத்து அனுப்பலாமா?

குளோரினும் வெயிலும் சேர்ந்து முடியின் கருநிறத்தைச் சிதைப்பதுதான் செம்பட்டைக்குக் காரணம். எண்ணெய் கொஞ்சம் காக்கும், ஆனால் கேப் வழுக்கிக் கழன்றுகொண்டே இருக்கும். எண்ணெய் குளத்தில் கலந்தால் குளோரினும் வீணாகும்.

இதைவிட நல்ல வழி: இறங்குவதற்கு முன் குழாய்த் தண்ணீரில் தலையை முழுக்க நனையுங்கள். முடி நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் குளத்துத் தண்ணீர் உள்ளே ஏறக் குறைந்த இடமே இருக்கும். முடியின் நுனிகளில் மட்டும் கண்டிஷனர் கொஞ்சம், அதன் மேல் சிலிக்கான் கேப். வெளியே வந்த உடனே அலசுங்கள். ஷாம்பு வாரம் மூன்று நாள் போதும். எண்ணெய்க் குளியலை ஞாயிறு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையோடு உடம்பையும் சேர்த்துக் குளித்துவிட்டு இறங்கினால், அது வேறு ஒன்றுக்கும் உதவும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் "குளோரின் நாற்றம்" குளோரினுடையதே கிடையாது. வியர்வை, சிறுநீர், கிரீம் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நாற்றம். கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அதுதான் காரணம். ஒரு நிமிடக் குளியல் பெரும்பாலான வியர்வையைக் கழுவிவிடும். தண்ணீருக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் வழக்கத்தைப் பற்றியும் வீட்டில் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை அது.

தோல் வறண்டு கறுத்துப்போகிறாளே?

கறுப்பது ஒரு குறையே இல்லை. வெயிலில் தோல் எரிந்து உரிவதுதான் கவலைப்பட வேண்டியது. திறந்தவெளிக் குளத்தில் காலை 9-க்கு மேலோ மாலை 4-க்கு முன்போ நீந்தினால், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, தண்ணீர் தாங்கும் சன்ஸ்கிரீனை 20 நிமிடம் முன்பே தடவுங்கள். காதின் மேல்விளிம்பும் பின்கழுத்தும் எல்லோரும் மறக்கிற இடங்கள். பயிற்சி முடிந்து குளித்ததும், தோல் முழுக்க உலர்வதற்கு முன் தேங்காயெண்ணெய் அல்லது மாய்ச்சரைசர்.

தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் "எல்லாவற்றுக்குமான" கிரீம் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், இரண்டு வாரத்தில் தாமரை இரட்டிப்பாகும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈர நீச்சலுடையோடு வீடு வரை வருவதை நிறுத்தினாலே பாதி வராது.

காதில் தண்ணீர் நிற்கிறது. எண்ணெய் விடலாமா?

கூடாது. எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பட்ஸும் கூடாது. அது காதுக்குழாயின் மெல்லிய தோலைச் சிராய்த்து, பாதுகாப்புக்கு இருக்கும் குறும்பியை உள்ளே தள்ளும். சிராய்ப்பும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

தலையைச் சாய்த்து, காது மடலை மேலும் பின்னும் மெதுவாக இழுத்தால் குழாய் நேராகித் தண்ணீர் வடியும். துண்டின் நுனியால் வெளிக்காதை மட்டும் துடையுங்கள். அடிக்கடி தொல்லை தருமானால் ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டலாம். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை அழுத்தும்போது வலித்தால், அது காதுக்குழாய்த் தொற்று. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்த பிள்ளைக்கு எந்தச் சொட்டு மருந்தும் மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு நீந்தலாமா?

வேண்டாம். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே சிக்கும் தண்ணீரில் அகந்தமீபா என்ற உயிரி இருந்தால் பார்வையே போகலாம். பவர் வைத்த கோகிள்ஸ் கடையில் கிடைக்கிறது. கோகிள்ஸின் உட்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் போதும். மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் அழுக்கு வடிவது நிற்கும் வரை குளம் கிடையாது, துண்டும் கோகிள்ஸும் யாரோடும் பகிரக் கூடாது.

பல்லில் பழுப்புக் கறை ஏன்?

வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீந்துகிறவர்களுக்கு முன்பற்களில் வரும் கறை அது. பல் மருத்துவர் ஒரே அமர்வில் எடுத்துவிடுவார். பல் கூசினால், எனாமல் கரைந்தால் குளத்துத் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கேளுங்கள். பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

காய்ச்சல், இருமல். எப்போது திரும்ப அனுப்பலாம்? இருமல் மருந்து கொடுக்கலாமா?

மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால், பாதித் தூரம், பாதி வேகத்தில் தொடங்கலாம். வெறும் மூக்கொழுகலுக்கு லேசாக நீந்தலாம். காய்ச்சல், நெஞ்சு இருமல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் கட்டாயம் ஓய்வு. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உழைத்தால் இதயத் தசையே வீங்கும் ஆபத்து உண்டு. மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

இருமல் மருந்து பற்றி ஒவ்வொரு நீச்சல் வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் டெர்பியூட்டலின். நம் ஊரில் விற்கும் சளி இருமல் சிரப்புகள் பலவற்றில் அது இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் அது எல்லா நாளும் தடை, போட்டி நாளில் மட்டும் என்ற சலுகை இல்லை. சிரப்பை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் அனுமதிக்கப்பட்டது, அதற்கும் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எட்டு மணி நேரத்தில் 600 என்று உச்சவரம்பு உண்டு. அதே மருந்து சிரப்பாகவோ மாத்திரையாகவோ வந்தால் தடை.

மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைக்கு எந்த மருத்துவர் எழுதினாலும் "இவள் போட்டிகளில் நீந்துகிறாள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்து தவிர்க்க முடியாததாக இருந்தால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைக்கான விலக்கு கேட்க வழி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இதையெல்லாம் யோசிக்காமல் மருந்தைக் கொடுங்கள், தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது?

விருப்பமும் தெம்பும் இருந்தால் நீந்தலாம். டாம்பான் அல்லது மாதவிலக்குக் கப் வேண்டும், நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். வலி அதிகமான முதல் நாள் விடுப்பு எடுப்பதும் சரியே. பெண் பிள்ளைகள் ஆண் கோச்சிடம் காரணம் சொல்லக் கூசி, "வயிற்று வலி" என்று மாதாமாதம் பொய் சொல்ல வேண்டியிராதபடி, பெற்றோரே ஒருமுறை பேசி வைத்துவிடுவது நல்லது.

கவனிக்க வேண்டியது வேறு. 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை, அல்லது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுபோனது என்றால், "பயிற்சி அதிகம், அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் அதுவும் ஒன்று. அடுத்து எலும்பு மெலியும், காயங்கள் ஆறத் தாமதமாகும். "எடையைக் குறைத்தால் வேகம் வரும்" என்று யாராவது பிள்ளை காதுபட சொன்னால் அங்கேயே மறியுங்கள்.

வருடம் ஒருமுறை ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள். பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் 12.5 இருந்தும் இரும்புச் சேமிப்பு வறண்டிருக்கலாம், ஃபெரிட்டின்தான் அதைக் காட்டும். முருங்கைக்கீரை, சுண்டல், ஈரல் இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேரட்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

பத்தாம் வகுப்பு. நீச்சலை நிறுத்திவிடலாமா?

முழுக்க நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே தண்ணீரைப் பிடிக்கும் உணர்வு மங்கும். பலர் திரும்புவதே இல்லை. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், தூரத்தைவிட நுணுக்கத்துக்கு. தேர்வுக் காலத்தில் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் இடைஞ்சலாவதில்லை. காலைப் பயிற்சியை விட்டு மாலையை வைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் குறையாது.

போட்டி நாளில் ஹீட்ஸ் எனும் தகுதிச் சுற்று காலையில், ஃபைனல் மாலையில். நடுவில் என்ன சாப்பிடுவது?

ஹீட்ஸுக்கு இரண்டரை மணி நேரம் முன் இட்லி அல்லது இடியாப்பம். முடிந்ததும் மெதுவாக நீந்தித் தணிந்து, உலர்ந்த உடைக்கு மாறி, அரை மணி நேரத்தில் வாழைப்பழமும் மோரும். மதியம் தயிர்சாதம் அல்லது பருப்புசாதம், வழக்கமான அளவில் முக்கால் பங்கு. பிறகு நிழலில் படுக்கட்டும். கேலரியில் மூன்று மணி நேரம் நின்று கத்துகிறவர்கள் மாலையில் கால் கனக்கிறது என்பார்கள். ஃபைனலுக்கு ஒரு மணி நேரம் முன் இன்னொரு வாழைப்பழம். வெளியூர்ப் போட்டியில் புது ஹோட்டலின் பிரியாணியைக் கடைசி ரேஸ் முடிந்த பிறகு கொண்டாடிக்கொள்ளலாம்.

பிள்ளை அளவுக்கு மீறிக் களைத்திருக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் தூங்கிய மணி நேரம், பசி, மனநிலைக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரத்தில் அவளுடைய வழக்கமான எண் தெரிந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து எட்டுப் பத்து துடிப்பு கூடியிருந்தால், காய்ச்சல் வரப்போகிறது அல்லது ஓய்வு போதவில்லை. அந்த நோட்டைக் கோச்சிடம் காட்டுங்கள், "சோர்வாக இருக்கிறாள்" என்று வாயால் சொல்வதைவிட எடுபடும்.

வளரும் வயதில் மாதம் ஒருமுறை உயரத்தையும் அதே நோட்டில் குறியுங்கள். மளமளவென்று உயரும் மாதங்களில் ஸ்ட்ரோக் குழறும், முட்டியும் தோளும் நோகும், டைமிங் நின்றுபோகும். புதுக் கை கால் நீளத்துக்கு உடம்பு பழக நேரம் எடுக்கும். அப்போது தூரத்தைக் கூட்டக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு அவசியமா?

அவசியம். அன்றைக்கு ஜிம்மும் கிடையாது, "சும்மா ஒரு கிலோமீட்டர்" என்பதும் கிடையாது. கோகிள்ஸ் பட்டையை மாற்றுங்கள், பையைத் தலைகீழாகக் கொட்டி வெயிலில் போடுங்கள். அடியில் போன வியாழக்கிழமை ஈரக் கேப் ஒன்று கிடக்கும்.